'என் தாய்' – ஒரு பக்க அளவில் எழுதுக

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. நத்தம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி என் நண்பர் முகேஷ்குமார் சொன்னது. சாணார்பட்டிப் பக்கத்தில் அவர் தமிழாசிரியர். "எழுதச் சொல்லிக் குடுக்குறேன்னு ஒரு புள்ளையக் கெடுத்துட்டேன்யா" என்றார். சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பாரம் என் தலையில் ஏறிக்கொண்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வைகறைப் பனியில் மல்லிகைத் தோட்டம் கண்விழித்து—' 

வேண்டாம். பூப் பறிக்கிறவர்களுக்கு வைகறை என்பது இடுப்பு வலி. நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜீவிதா பத்தாம் வகுப்பு. அப்பா நல்லுசாமிக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம். அம்மா முத்துப்பேச்சி போன வருஷம் ஆனியில் இறந்துபோனார்.

2

ஒன்பதாம் வகுப்பில் சொர்ணலட்சுமி டீச்சர். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, அப்படியே மனப்பாடம். 'என் தாய்' கட்டுரையில் வரும் அம்மா காலையில் கோலம் போடுவார், சூடாகப் பால் தருவார், வாசலில் நின்று கையசைப்பார். முத்துப்பேச்சி இதில் ஒன்றைக்கூடச் செய்ததில்லை. விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்.

(மனப்பாடக் கட்டுரையைக் கிண்டலடித்து இங்கே நாலு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.)

அம்மா போன பிறகு ஜீவிதா அந்தக் கட்டுரையை ஓரெழுத்து பிசகாமல் திரும்பத் திரும்ப எழுதினாள். அதில் வரும் அம்மாவுக்கு நோய் நொடியே கிடையாது.

3

பத்தாம் வகுப்பில் முகேஷ்குமார். "மனப்பாடம்லாம் வேணாம். தாள விட்டுப் பேனாவ எடுக்காம மனசுல வர்றத எழுதுங்க."

மற்ற பிள்ளைகள் சினிமா, பரோட்டா என்று எழுதித் தள்ளினார்கள். ஜீவிதா 'எனக்கு ஒன்றும் வரவில்லை' என்ற ஒரே வரியால் பக்கத்தை நிரப்பினாள்.

"என்னத்தா இது?"

"மனசுல வர்றத எழுதச் சொன்னீங்கள்ல சார்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் விடவில்லை. அடுத்த வாரம் கேள்வி கேட்கும் முறைக்கு மாறினார். கட்டுரை வேண்டாம், கேட்டதற்குப் பதில் மட்டும் போதும். அம்மா எப்படிப் பூப் பறிப்பார்? கையில் என்ன வாசம்?

ஜீவிதா எழுதினாள். அம்மா இரண்டு கையாலும் பறிப்பார். கையில் பூ வாசம் இருக்காது, பூச்சிமருந்து வாசம்தான். பாதி விரிந்த பூவைக் கண்டால், 'அதுக்குள்ள ஒனக்கு என்ன அவசரம்?' என்று பூவைத் திட்டுவார்.

வாசித்துவிட்டு முகேஷ்குமார் கண் கலங்கினார். அடியில் சிவப்பு மையால் ஒரு கேள்வி எழுதினார்: அப்புறம் என்ன ஆச்சு?

4

அப்புறம் ஆனது, அவள் எழுதாதது, இதுதான். அன்று காலை அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஜீவிதா தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்றாள். "மொட்டு விரிஞ்சுருச்சுன்னா எவன் வாங்குவான்? செத்த நேரந்தான, பறிச்சுட்டு ஓடியா" என்று அம்மாவேதான் அனுப்பினார். மடி நிறைய மொட்டோடு அவள் திரும்பியபோது வாசலில்—

மடி நிறைய மொட்டோடு அவள்—

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியும். என் பிழைப்பே அதுதான்.]

5

"எழுத மாட்டேன் சார்."

"ஏத்தா? இம்புட்டு நல்லா வந்திருக்கு."

"டீச்சர் கட்டுரைல வந்தது எங்கம்மா இல்ல. இதுதான் எங்கம்மா. இதுல இன்னும் பூப் பறிச்சுக்கிட்டுதான் இருக்கு. இத்தோட விட்ருங்க சார்." நோட்டை மூடினாள். "இப்ப அந்தப் பழைய கட்டுரையும் எழுத வர மாட்டேங்குது."



6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஜீவிதா மாவட்டப் பரிசு வாங்கினாள்; எனக்கே சிரிப்பு வந்தது. இன்னொன்றில் எல்லாவற்றையும் எழுதி, அழுது, மனம் லேசானாள். அது எழுதுகிறவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். உண்மையில் நடந்தது: அடுத்த தேர்வில் 'என் தாய்' கேட்டிருந்தார்கள். அவள் 'மரம் வளர்ப்போம்' எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாலாம் பகுதியில் ஒரு வாக்கியம் அரைகுறையாய்க் கிடக்கிறது. நான் தொடப் போவதில்லை. முடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றாம் பகுதியில் முத்துப்பேச்சி இன்னும் பறித்துக்கொண்டிருக்கிறார். அந்த வரிசையையாவது அவர் பறித்து முடிக்கட்டும். அதுவரை பொறுங்கள்.