பென்சில் தட்டிய சத்தம்

அந்த அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அண்ணியின் முதுகுக்குப் பின்னால் என்றுதான் நினைவு. நினைவு தன் சௌகரியத்துக்கு ஜன்னலை நகர்த்தி வைத்திருக்கவும் கூடும். ஆனால் மேசை ஒன்று, நாற்காலிகள் இரண்டு, எதிரெதிரே. அதில் சந்தேகமில்லை.

அது ஒப்பந்தப் பத்திரங்கள் அச்சடிக்கும் அச்சகம். எல்லாம் ஆங்கிலம். மூலத்தை ஒருத்தி உரக்க வாசிப்பாள். அச்சுப் படியை வைத்துக்கொண்டு இன்னொருத்தி சரிபார்ப்பாள். வாசிப்பவளுக்கு அச்சகத்தில் 'ரேடியோ' என்று பெயர். சரிபார்த்தவள் அவளுடைய அண்ணி. புருஷனோடு ஒத்துவராமல் ரேடியோ ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான்.

கமாவை 'கமா' என்றும், முற்றுப்புள்ளியைப் 'புள்ளி' என்றும் சொல்லிவிடலாம். அப்பாஸ்ட்ரபி, அதாவது எழுத்தின் தோளில் தொங்கும் அந்தச் சின்னக் கொக்கி, அப்படியல்ல. ஒவ்வொரு தடவையும் முழுப் பெயர் சொன்னால் தாடை கழன்றுவிடும். அதனால் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. தட்டினால் கொக்கி உண்டு, தட்டாவிட்டால் இல்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

"மூலத்துல கழுதைன்னு இருந்தா கழுதைதான். அதைக் குதிரையாக்க உங்களுக்கு யாரும் சம்பளம் தரலை" என்பார் மேலாளர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் வைத்திருந்ததால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

பகலெல்லாம் ஒருத்தி வாசிக்க ஒருத்தி கேட்க ஓடிவிடும். வீட்டுக்கு வந்தால் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஒரு நாள் அண்ணி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் முதுகைப் பார்த்தபடி, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ரேடியோ கேட்டாள்: "அண்ணி, நான் இங்கயே இருந்துடட்டுமா?"

பதில் வரவில்லை. அண்ணி ஒரு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். ரேடியோ கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தன் கட்டிலில் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த மௌனம் அவளை விடவில்லை. அச்சகத்தில் அண்ணி தாளிலிருந்து தலையைத் தூக்கித் தன் முகத்தையே பார்ப்பது இப்போதுதான் உறுத்தியது. "கொஞ்சம் மெதுவாப் படியேன்" என்று அண்ணி சொன்னால், தன் இங்கிலீஷைக் குத்திக்காட்டுகிறாள் என்று தோன்றியது. வாடகைக்கு அறை கிடைக்குமா என்று தெரிந்தவர்களிடம் விசாரிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ஒரு கம்பெனிப் பத்திரம் அச்சாகி, போன வேகத்தில் திரும்பி வந்தது. அந்தக் கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயரைக் கொக்கி இல்லாமலே பதிவு செய்திருந்தார்கள். இலக்கணப்படி அது தப்பு, ஆனால் அவர்கள் பெயர் அதுதான். அச்சில் எல்லா இடத்திலும் கொக்கி இருந்தது. அச்சுப் படியை எடுத்துப் பார்த்தாள் ரேடியோ. ஒவ்வொன்றும் அண்ணியின் சிவப்பு மை. அழகாக, அளவாக, சரியான இடத்தில் போட்ட கொக்கிகள்.

தான் தட்டவில்லை என்பது ரேடியோவுக்குத் தெரியும்.

அண்ணி தாளில் குனிந்திருந்தாள். ரேடியோ பென்சிலால் மேசையைத் தட்டினாள். அண்ணி அசையவில்லை. பலமாகத் தட்டினாள். பிறகு எழுந்து, அவள் பின்னால் போய் நின்று, "அண்ணி" என்றாள்.

ஒன்றுமில்லை. சிவப்புப் பேனா வரி வரியாக நகர்ந்துகொண்டிருந்தது.

யாருடையது என்று சொல்லக் கொக்கியை எங்கே போட வேண்டும், இரண்டு சொல்லை ஒன்றாகச் சுருக்கும்போது எங்கே, பன்மைக்கு ஏன் கூடாது, எல்லாம் அண்ணிக்குத் தண்ணீர் பட்ட பாடு. காது கைவிட்ட பிறகு அந்த விதிகளை வைத்தே காலம் தள்ளியிருக்கிறாள். சொற்களை உதட்டில் பிடித்துக்கொண்டாள். தட்டுக்கு உதடு கிடையாதே.

அண்ணியின் வேலை போய்விடும் என்பது ரேடியோவுக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது அந்தச் சமையலறை. அப்படியானால் அன்றைக்கு அண்ணி காதில் விழவே இல்லை! வெட்கமாக இருந்தாலும், சந்தோஷமாகத்தான் இருந்தது.

மேலாளர் இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"ஏம்மா ரேடியோ, நீ தட்டுனியா, தட்டலையா? தட்டாம அவங்க எதுக்குப் போடப்போறாங்க? ஆசைப்பட்டா?"

அண்ணியின் கண் ரேடியோவின் உதட்டில் இருந்தது.

"தட்டுனேன் சார். தப்பாத் தட்டிட்டேன்."

"இத்தனை இடத்துலயுமா? மேளம்னு நினைச்சியா?"

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. மேலாளர் லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

சாயங்காலம் அண்ணி பாத்திரம் கழுவும்போது ரேடியோ போய்க் குழாயை மூடினாள். அண்ணி திரும்பினாள். அவள் முகத்துக்கு நேராக நின்று ரேடியோ கேட்டாள்.

"எவ்வளவு நாளா அண்ணி?"

"மழைக்கு முன்னாடியிருந்து. வலது காதுதான் முதல்ல. உங்கண்ணன்கிட்ட சொல்லாத."

"அன்னிக்கு இங்க நின்னு உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். அது உங்க காதுல விழலை, இல்ல? நான்தான் முட்டாள் மாதிரி என்னென்னமோ நினைச்சுட்டேன்."

அண்ணி ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். ஒரு கை, பிறகு இன்னொரு கை.

"விழுந்துச்சு."

அண்ணி மூடியிருந்த குழாயைப் பார்த்தாள்.

"இங்கயே இருந்துடட்டுமான்னு கேட்ட. அப்ப இடது காது நல்லாத்தான் இருந்துச்சு. இருன்னு சொன்னா பொய். போன்னு சொன்னா பாவம். அதான் பேசாம இருந்துட்டேன்."

"இப்ப?"

வெகுநேரம் அண்ணி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ வரப்போவது போல.

"இப்ப எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டு வந்து நிக்கிற. இனிமே இருன்னு சொன்னா, அது நீ செஞ்சதுக்குப் பதில் செஞ்சதா ஆயிடும். மனசாரச் சொன்னதா ஆகாது."

"சரி அண்ணி" என்றாள் ரேடியோ. குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்று, கழுவி வைத்த கிண்ணங்களைத் துடைத்து அடுக்கினாள்.

ரேடியோ ஒரு மாடியறைக்குக் குடிபோனாள். ஒரு மருந்துக் கம்பெனியில் தொலைபேசி எடுக்கும் வேலை கிடைத்தது, அங்கேயே இருக்கிறாள். அண்ணிக்கு வாசிக்க வந்த புதுப் பெண் தட்டமாட்டாள், அப்பாஸ்ட்ரபி என்று வாய் நிறையச் சொல்வாள்; அதனால் அண்ணி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினாள். பிறகு மேலாளர் கண்டுபிடித்து அனுப்பிவிட்டார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். அண்ணனுக்குக் காது விஷயம் பிறகு தெரிந்தது. தங்கை ஏன் போனாள் என்பது தெரியாது. அண்ணி மாதத்துக்கு ஒரு தடவை மாடியறைக்கு வருவாள். காதில் மெஷின் போட்டிருப்பாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், அதிகம் பேசமாட்டார்கள்.