பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்த மண்டபம்

நகரசபை மண்டபம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, தன் படிகளில் இறங்கித் தெருவைக் கடந்து, எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. மேசையில் தேநீர் கொஞ்சம் தளும்பியதாம். மழைக்கு ஒதுங்கியிருக்கும் என்றார் காவலாளி. அன்று மழை இல்லை.

அன்றைய பேச்சே அந்த நிறுத்தத்தை எடுத்துப் பாலத்துக்கு அப்பால் வைப்பது பற்றித்தான். மண்டபத்துக்குள் இருக்கும் எவரும் கை தூக்கி வாக்களிக்கலாம் என்பது ஊர் விதி. கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருக்கும். ஆனால் மண்டபம் செங்குத்தான படிகளுக்கு மேல் இருந்தது. சக்கர நாற்காலியில் நடமாடும் தையல்காரி கூட்டந்தோறும் படியடிக்கு வந்து, "நிறுத்தத்த எடுத்துட்டா தச்ச துணிய எப்படிங்க கடைக்குக் கொண்டுபோவேன்?" என்று அண்ணாந்து கத்திவிட்டு நிறுத்தத்துக்குத் திரும்புவாள். பால ஏற்றத்தில் அவளால் நாற்காலியை உருட்ட முடியாது. பிழைப்பே போய்விடும், பாவம். மேலே இருந்தவர்களுக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

இப்போது அவளும் பஸ்ஸுக்கு நின்றவர்களும் சபையின் நடுவில் இருந்தார்கள். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கம்போல, "எடுக்க வேண்டாங்கறவங்க?" என்று கேட்டுவைத்தார். அந்த நேரம் பார்த்து வாசல் வழியே பஸ் வந்தது. நின்றவர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். வாக்கா, பஸ்ஸா என்று குமாஸ்தாவுக்கும் தெரியவில்லை, தூக்கியவர்களில் பலருக்கும் தெரியவில்லை. தையல்காரி இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

"எந்தக் கைம்மா ஓட்டு?" என்றார் குமாஸ்தா.

"ஒண்ணு ஓட்டுக்கு, ஒண்ணு பஸ்ஸுக்குங்க. எதுன்னு நீங்களே எடுத்துக்குங்க."

நிறுத்தம் தப்பியது.

மண்டபத்துக்கு வரைபடம் போட்டது தலைவரின் சொந்த அக்கா. தலைவர் அவரிடம் ஓடினார்.

"என்னக்கா, கட்டடம் எந்திரிச்சு நடக்குது?"

"நான் தரையிலதான்டா வரைஞ்சேன். கம்பீரமா இருக்கணும்னு நீதான் படிமேல ஏத்தி வச்சே."

தலைவர் கிரேன் வைத்து அதைப் பழைய இடத்துக்கே ஏற்றிப் பார்த்தார். மறுநாள் அது நிறுத்தத்தில் இருந்தது. பிறகு விட்டுவிட்டார்.

வருடங்கள் ஓடிவிட்டன. பஸ் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போகிறது. அதுவரை பேச்சாளர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள், ஊருக்கு அதுவும் நல்லதுதான். குழப்பமும் கொஞ்ச காலம் இருந்தது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பஸ்ஸுக்குக் கை காட்டி, தலைவர் தன் தீர்மானத்தைத் தானே தோற்கடித்தார். அதன்பின் கூட்ட நாள்களில் யாரும் கை காட்டாமலே ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்துகிறார். தையல்காரி இப்போது ஒரு கைதான் தூக்குகிறாள்.