கூப்பான் வீட்டுக் காகிதப்பூ

மழை விட்ட காலை. மஞ்சள் மதிலில் ஈரம். ஈரத்தின் மேல் வெயில். வெயிலின் மேல் காகிதப்பூ.

உதிரும். உதிர்ந்துகொண்டே இருக்கும். பெருக்கித் தள்ளினால் மதிலோரம் ஒரு குவியல். வேறு வீட்டில் அதற்குக் குப்பை என்று பெயர். இந்த வீட்டில் அந்தச் சொல் கிடையாது.

"பூவை அள்ளியாச்சா?" என்றுதான் மதாம் கேட்பார். வாழைப்பழத் தோல் கிடந்தாலும் பூ. மீன் செதில் கிடந்தாலும் பூ.

மருமகள் சகாயராணிக்கு அங்கேதான் முதல் சந்தேகம் தட்டியது.

*

புதுச்சேரியில், கடற்கரைக்கு நாலு தெரு இந்தப் பக்கம், அந்த வீடு. வாசலில் சலவைக்கல்லில் குடும்பப் பெயர். பிரெஞ்சு எழுத்து. கூப்பான் என்று சொல்ல வேண்டும்.

சும்மா சொன்னால் போதாது. கூ நீள வேண்டும். கடைசி எழுத்தை நாக்கு தொடக் கூடாது. மூக்குக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட வேண்டும். சளி பிடித்தவர்களுக்கு நன்றாக வரும்.

திண்டிவனத்திலிருந்து வாழ வந்த சகாயராணிக்கு இன்னும் வரவில்லை. தெருவுக்கும் வரவில்லை. பால்காரர் சொல்வது குப்பன் வீடு. மீன்காரம்மா சொல்வது குப்பன் வீடு. ஆட்டோவில் ஏறி அந்தப் பெரிய பெயரைச் சொன்னால் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பார். "எது, குப்பன் வூடா?" அப்புறம்தான் வண்டி கிளம்பும்.

கணவன் மார்செலைக் கேட்டாள். மார்செல் ஜன்னலைப் பார்த்தான். பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கெல்லாம் மார்செலிடம் ஒரு ஜன்னல் உண்டு.

மாமியாரைக் கேட்டாள். மாமியாரின் ஞானஸ்நானப் பெயர் அமலோற்பவம். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் கண்மூடிய பிறகு பென்ஷனும் கூப்பானும் அம்மாளிடம் வந்து சேர்ந்தன. வீட்டில் யாரும் இல்லாவிட்டால் அத்தை. யாராவது இருந்தால் மதாம்.

ஈஸ்டர் விருந்தில் கேட்டபோது கூப்பான் ஒரு கப்பல் கப்பித்தான். பிரான்சிலிருந்து வந்தவர். நம் குடும்பத்துக்குத் தன் பெயரை ஆசையாகக் கொடுத்தவர். கிறிஸ்துமஸுக்குக் கேட்டபோது கப்பித்தான் போய்விட்டார். கூப்பான் ஒரு மலையாகியிருந்தது. பிறகு ஒருமுறை திராட்சைத் தோட்டமாகவும் இருந்தது.

ஒரே பெயர் கடலில் மிதந்தது. மலையாக நின்றது. ஜாடியில் புளித்தது. சந்தேகப்படாமல் அவள் என்ன செய்வாள்?

*

அவளுக்கு அந்தப் பெயர் தெரியும். அவள் ஊரில் குப்பன் உண்டு. குப்பம்மாள் உண்டு.

பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கொஞ்ச நேரம் கிடத்துவார்கள். குப்பா என்று கூப்பிட்டுத் தூக்கிக்கொள்வார்கள். சாவு எட்டிப் பார்க்கும். இது குப்பைதானே என்று போய்விடும்.

மகன் ரெமிக்கு முன்னால் அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று அழவே இல்லை. ஒன்று, ஒரு மழைக்காலம் மட்டும் அழுதது.

ரெமி இருமினால் அவளுக்கு மூச்சு நிற்கும். சாவு வீடு வீடாகப் பெயர் படித்துக்கொண்டே தெருவில் வருவதாகத் தோன்றும். சலவைக்கல்லில் பளபளவென்று எழுதிவைத்த வீட்டில் நிற்காமல் வேறு எங்கே நிற்கும்?

குப்பன் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் அவள் கேட்டது. பிள்ளையின் பெயருக்குப் பின்னால் இருக்கிற பெயரை, இருக்கிறபடி.

"ஒன் ஊர்ல குப்பன் சுப்பன் எல்லாரும் நல்லா இருக்கட்டும்மா," என்றார் மதாம். வாழைப்பழத்தைக் கத்தியால் நறுக்கி முள்கரண்டியால் தின்றுகொண்டிருந்தார். "திங்கக்கிழமை பிள்ளைய ஸ்கூல்ல உடறோம். எப்படியாப்பட்ட வீட்டுப் பிள்ளைங்கல்லாம் வருது. அங்க நின்னு இவன் குப்பன்னு சொல்லணுமா?"

"சொன்னா என்ன அத்தை? நாக்கு வெந்துடுமா?"

"மதாம்னு சொல்லு. மார்செல் இருக்கான்."

மார்செல் ஜன்னலைப் பார்த்தான்.

*

அந்த வாரம்தான் அவள் கவனித்தாள். விடிந்து பார்த்தால், பிள்ளையின் தலையில் ஒரு காகிதப்பூ.

சாத்திய ஜன்னல். மூடிய கதவு. பூ எப்படி வந்தது?

மறுநாளும் பூ. சட்டை முதுகில் ஈரம். ஈரத்தில் மண். காப்பிக் கோப்பையைத் தூக்கிய மதாமின் விரலில், நகப்பூச்சுக்கு அடியில், அதே மண்.

சகாயராணி எதையும் கேட்கவில்லை. கேட்டால் மலை வரும், கப்பல் வரும். இது கூப்பான் பாடம் என்று முடிவு கட்டினாள். தூக்கக் கலக்கத்தில் பிள்ளையைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய், மூக்கால் பேசப் பழக்குகிறார். திங்கட்கிழமைக்கு ஒத்திகை. அடி பாவி அத்தை.

சனிக்கிழமை விடியலில் தூங்குவதுபோல் கிடந்தாள். கதவு நகர்ந்தது. மதாமின் யூடிகோலோன் வாசனை உள்ளே வந்தது. பிள்ளையைத் தூக்கியது. வெளியே போனது.

அவள் செருப்பில்லாமல் பின்னால் போனாள்.

மழை விட்ட காலை. மஞ்சள் மதிலில் ஈரம். பவுடர் இல்லாத முகத்தோடு, பல்செட் இல்லாத வாயோடு, மதாம் குனிந்துகொண்டிருந்தார். பூ என்று சொல்ல வேண்டிய குவியலின் மேல், வாழைப்பழத் தோலுக்கும் மீன் செதிலுக்கும் நடுவில், ரெமி மல்லாந்து கிடந்தான். பழகியவன்போல் கிடந்தான்.

"குப்பா."

கூ நீளவில்லை. மூக்கு குறுக்கே வரவில்லை.

"டேய் குப்பா. என் குப்பமேட்டு ராசா. வாடா."

பிள்ளை இரண்டு கையையும் தூக்கினான். மதாம் அவனை வாரி எடுத்தார். திரும்பினார். மருமகளைப் பார்த்தார்.

இருவருக்கும் நடுவில் ஒரு பூ உதிர்ந்தது. இன்னொன்று உதிர்ந்தது.

"மார்செலுக்கு மின்னாடி எனக்கும் ரெண்டு போச்சு," என்றார் மதாம். "இவன் பொறந்ததுலேருந்து ஒரு நாள் உடல. நீ பயந்துக்குவேன்னு சொல்லல."

"அப்ப அந்தக் கப்பித்தான்?"

"கப்பித்தான் விருந்துக்குடி. இந்த வூட்டுல மொதல்ல தங்குன பிள்ளைய இப்படிக் கெடத்தித்தான் எடுத்தாங்க. அவன் பேருதான் வாசல்ல இருக்கு. அதச் சொல்லிக்கிட்டு ஜூலை மாசம் பிரெஞ்சுக் கொடியேத்துற விருந்துக்குப் போவ முடியுமா? யாரு மதிப்பா?" பல் இல்லாத வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். "திங்கக்கிழமை மட்டும் வாயத் தொறக்காத. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

நம்பினாளா? பாதி நம்பினாள். மீதிச் சந்தேகத்தை முடிந்து வைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் தேவைப்படும்.

*

திங்கட்கிழமை தூறல். பள்ளிக்கூட வாசலில் குடைகள். குடைகளுக்குக் கீழே தொப்பிகள். மதாம் தொப்பியும் முத்துமாலையும் போட்டிருந்தார். பல் போட்டிருந்தார். உலகம் மறுபடியும் ஒழுங்காக இருந்தது.

ஆசிரியை பெயர் கூப்பிட்டாள். அருமையான மூக்கு. "ரெமி கூப்பான்!" பூசையில் மணியடித்ததுபோல் மதாம் கண்ணை மூடிக்கொண்டார்.

ரெமி அங்கே இல்லை. தாயின் விரலை உதறிவிட்டு, ஓடுகிற மழைத்தண்ணீரோடு அவனும் ஓடிக்கொண்டிருந்தான். தண்ணீர் திறந்த கேட்டுக்குப் போனது. கேட்டுக்கு வெளியே சாலை. சாலையில் பஸ்.

"ரெமி!" சகாயராணி அலறினாள். பிள்ளைக்கு அது விளையாட்டு. சிரித்தான். வேகமாக ஓடினான். "ரெமி! ரெமி!" அவள் ஓடினாள். சேலை காலைத் தடுத்தது. மார்செல் குடையை மடக்கிக்கொண்டிருந்தான்.

"டேய் குப்பா!"

குடைகள் எல்லாம் திரும்பின. தொப்பி விழுந்தது. முத்துமாலை தோளுக்குப் போனது. "குப்பா! டேய் குப்பா!"

பிள்ளை நின்றான். அந்தக் குரலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கேட்டுக்கு ஓரடி இப்பால், சேற்றில், மல்லாந்து படுத்தான். இரண்டு கையையும் தூக்கினான்.

பஸ் போனது. அதன் காற்று அவன் தலைமயிரைக் கலைத்துவிட்டுப் போனது. எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுபோல்.

சகாயராணி அவனை அள்ளினாள். சேறும் பிள்ளையுமாக நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

ஒரு பட்டுக்குடை பக்கத்தில் வந்தது. "யாரு மதாம் அந்தக் குப்பன்?"

மதாம் தொப்பியை எடுத்தார். தட்டினார். வைத்துக்கொண்டார். "செல்லப் பேரு. பிரெஞ்சுல ரொம்பப் பழைய செல்லப் பேரு."

"அப்படியா? அழகா இருக்கே," என்றது பட்டுக்குடை.

சகாயராணி வாயைத் திறக்கவில்லை. பிள்ளையின் காதில் மட்டும் சொன்னாள். குப்பா. குப்பா. குப்பா.

*

மழை விட்ட காலை. மஞ்சள் மதிலில் ஈரம். சலவைக்கல்லில் அந்தப் பெரிய பெயர், அப்படியே. அதன் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு காகிதப்பூ.

சகாயராணி துடைப்பத்தோடு நின்றாள். மாடியிலிருந்து குரல் வந்தது. இன்னும் பல் போடாத குரல்.

"அடியே ராணி, குப்பைய அள்ளிடாத. பிள்ளை எழுந்துக்கட்டும்."

உதிர்ந்தது. உதிர்ந்துகொண்டே இருந்தது.