சித்திரையில் விழிக்கும் கரடிகள்

மார்கழியில் பெண் பார்க்கக் கூடாது. ஆனால் மொன்டானாவில் படிக்கும் வான்மதிக்கு பிளானோவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வர கிறிஸ்துமஸை விட்டால் வேறு லீவு இல்லை. அதனால் இரண்டு வீட்டாரும் போனில் பேசி, இது பெண் பார்ப்பதே இல்லை என்று முடிவு செய்தார்கள். அதே ஊரில் லெகஸி பக்கம் சாப்ட்வேர் வேலை பார்க்கும் தீபக்கும், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அவன் அம்மா சாந்தாமணியும் சும்மா காபி குடிக்க வருகிறார்கள். அவ்வளவுதான்.

“பட்டுப் புடவை வேண்டாம், பூ வேண்டாம், சொஜ்ஜி பஜ்ஜி வேண்டவே வேண்டாம்,” என்றாள் அண்ணி பிரீத்தி. “கல்யாணம்ங்கற வார்த்தை யார் வாயிலயும் வரக் கூடாது. தை பொறந்ததும் பேசிக்கலாம்.”

“அப்ப என் ஏப்ரல் மேட்டர்?”

“அதை இன்னைக்கு எடுக்கவே எடுக்காத.”

அந்த ஏப்ரலால்தான் ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப் போயிருந்தன. வான்மதியின் ஆராய்ச்சி பழுப்புக் கரடிகளைப் பற்றியது. குளிர்காலம் முழுக்க வளைக்குள் கிடக்கும் தாய்க் கரடிகள் குட்டிகளோடு வெளியே வரும்போது அவள் அந்த மலையில் இருந்தாக வேண்டும், படிப்பு முடியும்வரை ஒவ்வொரு வருஷமும். போன வரன்களைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. தீபக்கை விட மனசில்லை. கரடிகளைப் பற்றி அவன் ஈமெயிலில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி எழுதியே அவனைப் பிடித்துப் போயிருந்தது.

சாயங்காலம் மகனோடு வந்த சாந்தாமணி முறுக்கை எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். பேச வந்ததைப் பேச முடியாதபோது எதைத்தான் பேசுவது?

“கரடியப் பத்திப் படிக்கறயாமா அம்மிணி. குளுருக்கு அது என்ன பண்ணும்?”

“மலைச் சரிவுல வளை தோண்டி உள்ள போய்டும் ஆன்ட்டி. பனி விழுந்து வாசலை மூடிடும். அஞ்சாறு மாசம் சாப்பிடாது, தண்ணிகூடக் குடிக்காது. நடுவுல குட்டியும் போட்டுடும்.”

“பட்டினியாவா?” முறுக்கு பாதி வழியில் நின்றது. “கூட யாரு இருப்பா?”

“யாரும் இல்ல. தனியாதான்.”

“அப்பங்காரன்?”

“அது வேற எங்கயாவது தனி வளையில தூங்கிட்டிருக்கும்.”

சாந்தாமணி மகன் பக்கம் திரும்பினார்.

“என்னைய எதுக்கும்மா பாக்கறீங்க?” என்றான் தீபக்.

“சனி, ஞாயிறு மத்தியானம் வரைக்கும் போர்த்திட்டுக் கெடக்கறவன வேற யாரைப் பாக்கறது?”

வான்மதிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலேயே வாய் நழுவியது. “ஏப்ரல் கடைசியில, மே மாசத்துல குட்டிங்களோட வெளிய வருவாங்க ஆன்ட்டி. ஒவ்வொரு வருஷமும் அப்ப நான் அங்க போகணும்.”

“ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் காபி?” என்று குறுக்கே வந்தாள் பிரீத்தி. யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

“ஏப்ரல் கடைசின்னா சித்திரை,” என்றார் சாந்தாமணி மெல்ல. “சித்திரையில ஊர்ல ஒரு விசேஷம் வெக்கலாம்னு இருந்தோம்.”

“யாருக்கும்மா விசேஷம்?” என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டான் தீபக்.

“உனக்கென்னடா அது.”

வான்மதி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

சாந்தாமணி கையில் நின்றுபோன முறுக்கைப் பார்த்தார். பிறகு, “சாப்படாமக் கொள்ளாம, ஒத்தையில பெத்துட்டு வெளிய வர்றா. புள்ள பெத்தவள ஒரு எட்டுப் போய்ப் பாக்கோணும்ல?” என்றார். “போகாதன்னு சொன்னா அது பாவம். நீ போய்ட்டு வா.”

“நானும் போறேம்மா. ஏப்ரலுக்கு லீவு அப்ளை பண்ணிட்டேன்,” என்றான் தீபக்.

அப்ளை பண்ணிவிட்டானாம். பிரீத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். சாந்தாமணி மகனைக் கண்டுகொள்ளாமல் வான்மதியிடமே கேட்டார்.

“ஆவணியில கரடி என்ன பண்ணும்?”

“தூங்கப் போறதுக்கு முன்னால கொழுப்பு சேக்கணும்ல ஆன்ட்டி. நாள் பூரா தின்னுட்டே இருக்கும்.”

“அப்ப உனக்கு அங்க வேலையிருக்குதா?”

“லீவு போடலாம்.”

“நல்லதாப் போச்சு. ஆவணியில நம்மூட்டுக்கும் ஊரே சாப்பிட வரும்.” சாந்தாமணி முறுக்கை நறுக்கென்று கடித்தார். “மலையில இவனுக்குச் சளி புடிச்சுக்கும். நீதான் பாத்துக்கோணும்.”

“பாத்துக்கறேன் அத்தை,” என்றாள் வான்மதி.