மறுக்காத செயலி

செயலி திறந்துவிட்டது. கோரின் பென்னரின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

திறந்திருக்கக் கூடாது. அவள் சோதித்துக்கொண்டிருந்தது நிஜக் கைபேசியைக்கூட அல்ல. கணினித் திரைக்குள் ஓடும் போலிக் கைபேசி, எமுலேட்டர். அதற்குத் திரைப்பூட்டு கிடையாது. பூட்டில்லாத எந்தக் கைபேசியிலும் இந்தச் செயலி திறக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் கண்டிப்பான விதி. கனடாவின் வின்னிபெக் நகரில் வீடு வீடாகப் போகும் நர்ஸ்களுக்கான செயலி அது. தனியாக வாழும் நோயாளிகளின் முகவரியும் வாசற்கதவின் ரகசிய எண்ணும் அதற்குள் இருந்தன.

வேலை நடக்க வேண்டுமே என்று சோதனைக் கணக்குக்கு மட்டும் விலக்கு வாங்கியிருந்தாள். ஆனால் இப்போது நுழைந்தது சாதாரண நர்ஸ் கணக்கில். ஒழுங்காக மறுக்கிறதா என்று பார்ப்பதற்காகவே நுழைந்தாள்.

மறுக்கவில்லை.

எதிர் மேஜையில் பாதுகாப்புப் பிரிவின் வேட் ஹலுஷ்கா டோனட் தின்றுகொண்டிருந்தான்.

"வேட், அந்த விலக்கை யாருக்குப் போட்ட?"

"உனக்குத்தான். நச்சரிச்சே என்னைக் கொன்னியே, மறந்துட்டியா?"

"எனக்கு மட்டுமா?"

மெல்லுவது நின்றது. "ஏன் கேக்கற?"

"நர்ஸ் கணக்குலயும் திறக்குது."

நாற்காலியோடு திரும்பித் தன் திரையைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. "ஐயோ... எல்லா ஊழியர்களுக்கும் போட்டுத் தொலைச்சிருக்கேன்."

அப்போதுதான் கோரினின் கைபேசி அடித்தது. புது வசதிகளை முதலில் முயன்று பார்த்துச் சொல்லும் நர்ஸ் மரிசெல், யாருடைய போனிலிருந்தோ பேசினாள்.

"கோரின், காபிக் கடையில போனை வெச்சுட்டு வந்துட்டேன். திரும்பப் போனா காணோம்!"

"பூட்டு போட்டிருந்தியா?"

"கையுறையோட எந்தப் பூட்டைத் திறக்கறது? எடுத்துட்டேன். முன்னெல்லாம் பூட்டு போடு, பூட்டு போடுன்னு உங்க செயலி உயிரை வாங்கும். போன வாரத்துலேர்ந்து சத்தமே இல்ல. உங்களுக்கும் இரக்கம் வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

வேட் அதற்குள் விலக்கை நீக்கிவிட்டான். எமுலேட்டரில் சிவப்பு எழுத்து வந்தது: 'இந்தச் சாதனத்துக்கு அனுமதி இல்லை.'

"இப்ப மூடியாச்சு. ஆனா..." வேட் திரையில் பதிவுகளைத் தேடினான். "தொலைஞ்ச போன்ல கொஞ்சம் முன்னாடி யாரோ செயலியைத் திறந்திருக்காங்க. ஒரு நோயாளியோட பக்கம். ஸ்டெல்லா கோவல்சுக்."

எண்பத்தொன்பது வயது. வாக்கர் இல்லாமல் நடக்க முடியாதவர். தனியாக இருப்பவர்.

கோரின் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த வீட்டுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வேட் கோட்டை மாட்டிக்கொண்டான். "போலீசைக் கூப்பிடறேன்."

"இரு, எடுத்துட்டாங்க! மிஸஸ் கோவல்சுக், நர்ஸ் ஆபீஸ்லேர்ந்து கோரின் பேசறேன். வீட்ல யாராவது இருக்காங்களா?"

"இருக்காளே! தங்கமான பொண்ணு. மரிசெல்லோட போன் காபிக் கடையில கிடந்துச்சாம். அதுல என் விலாசத்தைப் பாத்துட்டு, இந்தப் பனியில கொண்டாந்து குடுக்கறா. அவளுக்குச் சாப்பிட பெரோகி கொழுக்கட்டை சூடு பண்ணிக்கிட்டிருக்கேன், அதான் போனை எடுக்க நேரமாச்சு."

கோரினுக்கு மூச்சு வந்தது. வேட் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நல்லதுங்க. கதவை நீங்கதானே திறந்துவிட்டீங்க?"

"நானா? வாக்கரை இழுத்துக்கிட்டு நான் எழுந்து வர்றதுக்குள்ள பொழுது விடிஞ்சுடும். மணி அடிச்சா, கொஞ்சம் பொறுத்தா, அப்புறம் அவளே போன்ல பாத்து கதவு நம்பரைத் தட்டி உள்ள வந்துட்டா."

வேட்டின் சிரிப்பு நின்றது.

"அந்த நம்பரை மாத்தணும்," என்றான்.

"அவங்க வீட்டுக்கு மட்டுமா?"

"மரிசெல் போற எல்லா வீட்டுக்கும். கிளம்பு."

கோரின் ஏற்கெனவே கோட்டை எடுத்திருந்தாள்.