நவோமி அழித்த பதினெட்டு வினாடி

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தீவில், ஜெலுத்தோங் பகுதியில் இருக்கும் எங்கள் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் நின்றால், லிஃப்ட் பழுதானால் அதில்தான் கூச்சல் போடுவோம். போன செவ்வாய்க்கிழமை காலை, மூன்று வீடு தள்ளிக் கணவனோடும் பிள்ளையோடும் இருக்கும் நவோமி, பாகான் டாலாமில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பவேண்டிய பதினெட்டு வினாடிக் குரல்பதிவைத் தவறிப்போய் அதில் போட்டுவிட்டாள். ஒரே நிமிடத்தில் அழித்தும்விட்டாள். அதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

"அக்கா, துணி மூணு நாளா மெஷின்லயே கெடக்கு. எடுத்துக் காயப்போட முடியலக்கா. நான் இல்லாட்டி இவங்க நிம்மதியா இருப்பாங்கல்ல?"

2

உடனே போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும். நான் நோட்டை எடுத்தேன்.

முதல் தொடக்கம்: நவோமி ஜன்னலோரம் நின்று கடலைப் பார்த்து... (வேண்டாம். அவள் ஜன்னலில் கடல் தெரியாது. எதிர் புளோக்கின் துணிகள்தான் தெரியும்.)

இரண்டாவது: நவோமி மெஷின் மூடியைத் திறந்தாள். புளித்த வாடை அடித்தது. சோப்புத்தூளைக் கொட்டி, அதே துணியை நாலாவது தடவையாக ஓடவிட்டாள். அது ஓடும்வரை அவளும் ஏதோ வேலை செய்துகொண்டிருப்பதாகக் கணக்கு. தரையில் உட்கார்ந்து, அது நின்றுவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

(இது என் கற்பனை. எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. நன்றாக வந்திருக்கிறதே என்ற சந்தோஷமும் வந்தது. வெட்கக்கேடு.)

3

கணவன் பேட்ரிக்கைக் கொடுமைக்காரனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஃபேக்டரி வேலை முடிந்து பாலம் தாண்டி வருகிறவன், வீட்டில் சோறு ஆகவில்லை என்றால், "பரவால்ல லா, நான் போயி கடையில கட்டிட்டு வர்றேன்" என்பான். அந்தப் 'பரவால்ல'தான் நவோமியை இன்னும் கீழே தள்ளும். அவன் திட்டினாலாவது பதிலுக்கு ஒரு சண்டை போடலாம். யார்மீதும் பழி போட முடியாத துக்கத்தை அவள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்?

4

நேற்று லிஃப்டில் அவளும் நானும் மட்டும். இது கற்பனை இல்லை.

"அக்கா, அன்னிக்கு குரூப்ல தப்பா ஒண்ணு போட்டுட்டேன். கேட்டீங்களா?"

"இல்லம்மா. நான் பாக்குறதுக்குள்ள டிலீட் ஆயிருச்சு லா."

"நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள்.

அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. காதால் கேட்டேன், வாயால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாவதிலிருந்து தப்பிக்கத்தான் முதலாவதை இல்லையென்றேன்.

5

முடிவுகள்.

ஒன்று: அவள் அக்கா வந்து அழைத்துப் போகிறாள். (அக்காவுக்கு அந்தப் பதிவு போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது.)

இரண்டாவதை எழுத மாட்டேன். எழுதினால் பாராட்டுவார்கள்.

மூன்று: லிஃப்டில் நான், "கேட்டேம்மா" என்கிறேன். அதற்கு நவோமி...

ஆறு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். அவளுக்குப் பதிலாக என்னால் பேச முடியவில்லை.

இப்போது காலை மணி பத்து இருபது. பேட்ரிக் வேலைக்குப் போய்விட்டான். பிள்ளை பள்ளியில். அவள் கதவு சாத்தியிருக்கிறது. நான் எழுந்து போனேனா, இன்னொரு தொடக்கம் எழுதினேனா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். என்னை இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். ஊகிக்கக் கஷ்டமாக இருக்காது.