ஒளித்த கட்டி

தியாகலிங்கம் இடியப்பத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். கதவு திறந்தது. மனைவி இராசமலர் தட்டை எடுத்தாள். கதவு மூடியது. அவள் சிட்னியில் தங்கை வீட்டில் இருப்பதாகப் நியூசிலாந்தின் பாபடோயிட்டோய்த் தமிழ்ச் சனம் நம்பிக்கொண்டிருந்தது. அப்படிச் சொல்லி வைத்தவர் அவர்தான்.

அவளுக்குத் தைரொயிட் புற்றுநோய். கழுத்தில் புளியங்கொட்டை அளவு கட்டி. ஸ்கான் எடுத்து, ஊசி குத்திச் சோதித்தார்கள். பப்பிலரி வகை, அதிகம் வருவதும் மெல்ல வளர்வதும் அதுதான் என்றார் டொக்டர். பரம்பரையில் இறங்கக்கூடிய மெடுலரி வேறு என்றும் சொன்னார். சுரப்பியை வெட்டி எடுத்தார்கள். மிச்சத்தை அழிக்கக் கதிரியக்க அயடீன் குளிகை. அவள் உடலிலிருந்து வரும் கதிர் மற்றவர்களில் படாதிருக்கத்தான் இந்தச் சில நாள் தனியறை. எல்லாவற்றையும் அவள் முனகாமல் தாங்கினாள்.

நடுங்கியவர் அவர். மகள் கஜானிக்குச் சஞ்சீவனைப் பேசி முடித்த நேரம். தெரிந்தால் சம்பந்தம் முறியும்.

அன்று சஞ்சீவனின் தாய் சிவயோகம் போன் எடுத்தாள். மலர் எப்போது வருவாள் என்று கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். ஆறு மாதமாகத் தன் கழுத்தில் கட்டியாம். கலியாணம் முடியட்டும் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். டொக்டரிடம் போக மலர் துணைக்கு வேண்டுமாம்.

பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார். கதவுக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னார்.

"நான் அவவோடை கதைக்கிறன்," என்றாள் இராசமலர். அறுவைக்குப் பிறகு குரல் இன்னும் கரகரத்தது.

"பிள்ளையின்ரை கலியாணத்தை யோசி."

"அந்த மனுசியின்ரை உயிரை ஆர் யோசிக்கிறது?"

உள்ளே வீடியோவில் அவள் பேசுவது கேட்டது.

"மச்சாள், நான் வீட்டிலைதான். இந்தத் தழும்பைப் பாருங்கோ. எனக்குக் கான்சர். எல்லாக் கட்டியும் கான்சர் இல்லை. ஆனா நாளைக்கே காட்டுங்கோ."



"நான் உங்களுக்கு ஒளிச்சன், நீங்கள் எனக்கு ஒளிச்சியள்," என்றாள் சிவயோகம். "நல்ல பொருத்தமான சம்பந்திகள்தான்."

மறுநாள் சிவயோகத்தைத் தன் காரில் டொக்டரிடம் கூட்டிப்போனவர் தியாகலிங்கம். அங்கே பலசரக்குக் கடைக்காரர் சுந்தரமூர்த்தி, மலரைக் காணவில்லையே என்றார். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளின் துணிவை நேற்றுத்தான் கண்டவர் தலை குனியவில்லை.

"அவவுக்குத் தைரொயிட் கான்சர். வைத்தியம் நடக்குது. நீங்களும் கழுத்திலை கட்டி கண்டால் ஒளிக்காதேங்கோ. ஒளிச்சால் நோய்க்குத்தான் வசதி. வெளியிலை சொன்னால் இன்னொரு ஆளும் பிழைக்கும்."